எண்ணிக்கையில் ஒன்று குறைவு

போன மாதம் ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கரண்ட் இல்லை, நெட் இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். யாங்கூனில் இருப்பவனுக்கு அந்தச் சாக்கு எப்போதும் கையிலேயே இருக்கும். உண்மை வேறு. எழுத உட்காரும்போதெல்லாம் ஒரே விஷயம்தான் முன்னால் வந்து நின்றது. அதில் பாதி மனைவியுடையது, அவளைக் கேட்காமல் எழுத முடியாது. இப்போது கேட்டுவிட்டேன். "தாராளமா எழுதுங்க. என்னைப் பாவப்பட்டவளா மட்டும் காட்டாதீங்க" என்றாள்.

சரி, எருமையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

யாங்கூன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டலா. பன்சோடான் படித்துறையில் ஃபெரி ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அப்பா பிறந்து வளர்ந்தது அங்கேதான். இப்போதும் அங்கேதான் இருக்கிறார், எங்களோடு நகரத்துக்கு வரமாட்டேன் என்கிறார். வீட்டுச் சுவரில் ஒரு பழைய போட்டோ: தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு எருமையின் கயிற்றைப் பிடித்து நிற்கிறார். தாத்தாவுக்குப் பால் வியாபாரம். 1964இல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டு, நம் ஆட்கள் லட்சக்கணக்கில் கப்பலேறியபோது அவர் போகவில்லை. "மாட்டை யார் கறக்கிறது?" என்றாராம். எங்கள் குடும்பம் பர்மாவில் தங்கிப்போனதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். வழியில் சேற்றில் நாலைந்து எருமைகள் கழுத்துவரை அமிழ்ந்து கிடந்தன. சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் விரிந்த பிறைக் கொம்பு. வீட்டுக்கு வந்ததும் மகள் போட்டோவைப் பார்த்தாள். அதில் இருக்கும் எருமை கறுகறுவென்று இருக்கிறது, கொம்பு காதோரம் சுருண்டு கிடக்கிறது.

"தாத்தா, இதுக்கு மட்டும் ஏன் கொம்பு சுருண்டிருக்கு?"

"அது நம்ம ஊரு எருமைம்மா. வெளியே பாத்தியே, அது இந்த ஊரு எருமை."

"அப்போ ரெண்டும் வேற வேறயா?"

"ஒண்ணுதான். சேர்ந்தா கன்னு போடும். ஒரு தடவை இந்த ஊரு கடா நம்ம எருமை மேல ஏறி, ஒரு கிடாரிக் கன்னு பொறந்துச்சு. உழவுக்கும் ஆகும், பாலும் கொஞ்சம் கறக்கும். ஆனா சினைதான் சரியா நிக்காது. ரெண்டு தடவை போயிடுச்சு. மூணாவது நின்னுச்சு."

"அதை வித்துட்டீங்களா தாத்தா?"

"எதுக்கு விக்கணும்? அது நல்லாத்தானே இருந்துச்சு."

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். என் மனைவி ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என் போனில் ஐந்து வாரமாக ஒரு பிடிஎஃப் கிடந்தது.

அந்த பிடிஎஃப்புக்கு வருவதற்கு முன், அப்பா தெரியாமல் சொன்ன விஷயத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் எருமையை நதி எருமை என்பார்கள், முர்ரா எல்லாம் அந்த வகை. பர்மாவிலிருந்து தாய்லாந்து, சீனா, பிலிப்பைன்ஸ் வரை சேற்றில் உழுகிறவை சதுப்பு எருமைகள். இரண்டும் பிரிந்து லட்சக்கணக்கான வருஷங்கள் ஆகின்றன. மனிதர்கள் அவற்றைத் தனித்தனியாக, வேறு வேறு இடங்களில் பழக்கினார்கள். நதி எருமையின் செல்லில் 50 குரோமோசோம், சதுப்பு எருமையில் 48. கொம்பை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக்கூடாது. நீலகிரியில் தோடர்கள் வளர்க்கும் எருமைக்கும் விரிந்த பெரிய கொம்புதான், ஆனால் எண்ணினால் 50. இலங்கையின் நாட்டு எருமை பார்வைக்கு சதுப்பு எருமை மாதிரியே இருக்கும், அதுவும் 50தான்.

அந்த இரண்டு குரோமோசோம் எங்கே போயின? எங்கேயும் போகவில்லை. நதி எருமையின் 4ஆம் எண் குரோமோசோமின் நுனியில் 9ஆம் எண் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டியதைத்தான் சதுப்பு எருமையில் 1ஆம் எண் என்கிறோம். ஒரு பெற்றோரிடமிருந்து ஒன்று, இன்னொருவரிடமிருந்து ஒன்று, ஆக இரண்டு குறைகிறது. மரபணுக்கள் அப்படியே இருக்கின்றன. எங்கள் வேலையில் இரண்டு ஃபைலை ஒன்றாக்கினால், ஃபைல் எண்ணிக்கை குறையும், உள்ளே இருக்கும் வரிகள் குறையாது, அந்த மாதிரி. இரண்டு வகையும் சேர்ந்து போடும் கன்றுக்கு 49. 1968லேயே முர்ராவுக்கும் சதுப்பு எருமைக்கும் பிறந்த கன்றுகளின் குரோமோசோமை எண்ணி எழுதிவிட்டார்கள். அந்தக் கன்று மலடு இல்லை. ஆனால் கருத்தரிப்பதில் கொஞ்சம் சறுக்கல் இருக்கலாம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. டலாவில் பால் கறந்தவர்களுக்கு அது எண்ணாமலே தெரிந்திருக்கிறது.

இப்போது பிடிஎஃப்.

மகள் பிறந்த பிறகு இரண்டு முறை மனைவிக்குக் கரு தங்கவில்லை. ஒன்று ஒன்பதாவது வாரம், ஒன்று பதினோராவது. முதல் தடவை எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். இரண்டாவது தடவை ஆறுதலோடு அறிவுரையும் வந்தது. அம்மா இல்லாத வீட்டில் அம்மா இடத்தில் இருப்பது அத்தை. அத்தை நல்லவர்தான். ஆனாலும், "உன் பொண்டாட்டி எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கா, உடம்பு சூடாகாம என்ன பண்ணும்?" என்றார். (நானும் அதே கம்ப்யூட்டர் முன்னால்தான் பத்து மணி நேரம் உட்காருகிறேன். என் சூட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.) பப்பாளி சாப்பிட்டாளா, மாடிப்படி ஏறினாளா என்று விசாரணை. காளி கோயிலுக்குக் கூட்டிப்போய் நேர்த்திக்கடன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு போனாள்.

சென்னைக்குப் போய்ப் பரிசோதித்தோம். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு எதற்கு என்றுதான் அப்போது நினைத்தேன். ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து ரிசல்ட் என் மெயிலுக்கு வந்தது. அவளுக்கு 46. எனக்கு 45.

எண்ணைப் பார்த்ததும் என்ன தோன்றியது என்று சொன்னால் சிரிக்கக்கூடாது. முதலில் "லேபில் தப்பாக எண்ணிவிட்டார்கள்" என்று நினைத்தேன். பிறகு, "எனக்கு எம்.டெக் எப்படிக் கிடைத்தது?" என்று. அதற்குப் பிறகு வந்ததுதான் மோசம். மனைவி, "ரிப்போர்ட் வந்துச்சா?" என்று கேட்டபோது, "இன்னும் வரலை" என்றேன். ஐந்து வாரம் அப்படியே சொன்னேன். நடுவில் அத்தை அவளை இன்னொரு தடவை கோயிலுக்குக் கூட்டிப்போனார். நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன்.

அந்த ஐந்து வாரமும் ராத்திரி கரண்ட் இருக்கும் நேரத்தில் படித்ததுதான் இங்கே எழுதுவதெல்லாம்.

எனக்கு நடந்திருப்பது 13ஆம் எண்ணும் 14ஆம் எண்ணும் ஒட்டிக்கொண்டது. ராபர்ட்சன் இணைவு என்கிறார்கள். 1916இல் வெட்டுக்கிளிகளின் குரோமோசோமில் இதை விவரித்த அமெரிக்கரின் பெயர் அது. பூச்சியில் கண்டுபிடித்ததற்கு மனிதர்களிடம் ரொம்ப வேலை: ஆயிரத்தில் ஒருவருக்கு இந்த மாதிரி இணைவு இருக்கிறது, அதில் பெரும்பகுதி இதே 13, 14 ஜோடிதான். ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் அதில் ஒருவர் 45ஓடு பாயசம் குடித்துக்கொண்டிருப்பார், அவருக்கே தெரியாது. ஒட்டும்போது இரண்டு குரோமோசோமின் குட்டைக் கைகளும் உதிர்ந்துவிடும். அதில் இருப்பவை வேறு எட்டுக் குரோமோசோம்களிலும் பிரதி இருக்கும் மரபணுக்கள்தான். அதனால் ஆளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

பிரச்சினை அடுத்த தலைமுறைக்குப் பங்கு பிரிக்கும்போதுதான். விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது ஒவ்வொரு குரோமோசோமும் தன் ஜோடியோடு சேர்ந்து நிற்கும், பிறகு ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் பிரியும். என்னிடம் ஒட்டியது ஒன்று, தனி 13 ஒன்று, தனி 14 ஒன்று. மூன்று பேர், இரண்டு பக்கம். ஒட்டியது ஒரு பக்கம், தனித்தனி இரண்டும் மறுபக்கம் என்று போனால் ஒரு குறையும் இல்லை. ஒட்டியதோடு தனி 13ம் சேர்ந்து போய்விட்டால், பிள்ளைக்கு 13 மூன்று பங்கு ஆகிவிடும். மறுபக்கம் போனதில் 13 இல்லவே இல்லை. இப்படி ஆறு விதமாகப் பிரியலாம், அதில் இரண்டுதான் சரி. ஆறில் இரண்டு என்று படித்தபோது எனக்கு வியர்த்தது. அப்புறம்தான் அடுத்த பத்தியைப் படித்தேன். ஆறு விதமும் சமமாக நடப்பதில்லை. என்னைப் போன்ற ஆண்களின் விந்தணுக்களை எண்ணிப் பார்த்தால் பத்தில் எட்டு வாக்கில் சரியான பங்கோடுதான் இருக்கின்றன. பங்கு தவறியவற்றில் பெரும்பாலானவை ஆரம்பத்திலேயே நின்றுவிடும். எங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். "இருக்கலாம்" என்றுதான் டாக்டரும் சொன்னார். ஏனென்றால் எந்தத் தம்பதிக்கும் முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கணக்கு தவறியதால்தான் கலைகின்றன. பப்பாளிக்கும் மாடிப்படிக்கும் இதில் இடம் இல்லை.

இதற்கு நடுவில் ஒரு மானைப் பற்றிப் படித்தேன். அதற்கப்புறம்தான் ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

தமிழ்நாட்டுக் காடுகளில் கேளையாடு என்பார்கள். பேர்தான் ஆடு, உண்மையில் நாய் மாதிரி குரைக்கும் சின்ன மான். பர்மியர்கள் ‘ஜீ’ என்பார்கள். இந்தியாவிலிருந்து பர்மா தாண்டியும் பரவியிருக்கும் சிவப்புக் கேளையாட்டின் பெட்டைக்கு மொத்தம் 6 குரோமோசோம், கிடாவுக்கு 7. பாலூட்டிகளிலேயே இதைவிடக் குறைவு கிடையாது. 1970இல் டோரிஸ் வர்ஸ்டர், குர்ட் பெனிர்ஷ்கே என்ற இரண்டு பேர் இதை வெளியிட்டார்கள். அதுவரைக்கும் சீனக் கேளையாட்டுக்கு 46 என்றுதான் தெரிந்திருந்தது. படத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றுக்கு 46, இன்னொன்றுக்கு 6. இங்கேயும் எதுவும் தொலையவில்லை. ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலை என்று ரயில் பெட்டி கோத்த மாதிரி ஒட்டி ஒட்டி, மூன்று ஜோடி நீள ரயிலாகிவிட்டது. பெட்டிகள் சேர்ந்த இடங்களில் பழைய நுனிகளின் எச்சம் இன்னும் தையல் தழும்பு போல இருக்கிறது. சமீப வருஷங்களில் இரண்டு மானின் மரபணுத் தொகுதியையும் முழுக்கப் படித்துப் பார்த்தார்கள். ரயில் பெட்டிகளுக்குள் இருக்கும் சரக்கு பெரும்பாலும் பழைய வரிசையிலேயே இருக்கிறது. கிடாவுக்கு ஒன்று அதிகம் வருவதும் ஒட்டலால்தான். எக்ஸ் குரோமோசோம் ஒரு பெரிய குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டது. ஒய் தனியாக நிற்கிறது. அதனால் கிடாவின் கணக்கில் ஒன்று கூடுகிறது.

பர்மாவின் தெற்கு நீட்டான தனிந்தாரியில் ஒரு கேளையாடு உண்டு. 1880களில் இங்கே உயிரினங்களைச் சேகரித்த லியோனார்டோ ஃபேயா என்ற இத்தாலியர் பெயரில் அழைக்கப்படுகிறது. அதன் ஆணுக்கு 13 என்று பதிவாகியிருக்கிறது. ஆக ஒரே குடும்பத்தில் 46 இருக்கிறது, 13 இருக்கிறது, 6ம் இருக்கிறது. எல்லாம் அதனதன் காட்டில் புல் மேய்ந்து, குரைத்து, குட்டி போட்டுக்கொண்டு இருக்கின்றன. (இதில் சேராத ஒரு விஷயம், ஆனால் சொல்லாமல் விட மனமில்லை: வடகோடியில் புட்டாவோ பக்கம் வேட்டைக்காரர்கள் ‘இலை மான்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு பெரிய இலையில் சுற்றிவிடலாம், அவ்வளவு சின்னது. 1997இல் ஆலன் ராபினோவிட்ஸ் அங்கே போய்ப் பார்த்தார், 1999இல் அது புது இனம் என்று அறிவித்தார்கள். அதுவும் கேளையாடுதான்.)

ஆனால் 46ஐயும் 6ஐயும் சேர்த்தால்? சீனாவில் குன்மிங்கில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். குட்டி பிறந்தது, ஆரோக்கியமாகவே இருந்தது. ஆனால் மலடு. எருமையில் ஒரே ஒரு இடத்தில் மூன்று பேர் இரண்டு பக்கம் பிரியும் சிக்கல் இருந்தது. அந்தக் குட்டிக்கு எல்லா இடத்திலும் அதே சிக்கல். ஒட்டுவது ஒரு விலங்கை நோயாளியாக்குவதில்லை. ஒட்டியதும் ஒட்டாததும் சேரும் இடத்தில்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்படி விலை இருக்கும்போது, ஒட்டல் எப்படி ஒரு இனம் முழுக்கப் பரவுகிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கூட்டம் சின்னதாக இருந்தால் பரவும் என்பதுதான் கிடைத்த பதில். போர்ச்சுகல்காரர்களுக்குச் சொந்தமான மடெய்ரா தீவில் வீட்டு எலிகள் இருக்கின்றன, கப்பலில் ஏறிப் போனவை. சாதாரண வீட்டு எலிக்கு 40 குரோமோசோம். அந்தத் தீவில், மலைகளுக்கு நடுவே தனித்தனிப் பள்ளத்தாக்குகளில் மாட்டிக்கொண்ட எலிகளுக்கு 22 முதல் 30 வரை, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறு ஒட்டல். சில நூறு வருஷத்தில் நடந்திருக்கிறது. சின்னக் கூட்டத்தில் சொந்தத்துக்குள்ளேயே சேரும்போது, அம்மா அப்பா இருவரிடமும் ஒரே ஒட்டல் இருக்க வாய்ப்பு அதிகம். இருவரிடமிருந்தும் ஒட்டியதே வந்துவிட்டால், அந்தக் குட்டிக்கு ஜோடி மறுபடி சரியாகிவிடும். மூன்று பேர் இரண்டு பக்கம் என்ற சிக்கலே இல்லை. மனிதர்களில்கூட அப்படி ஒருவரைச் சீனாவில் பதிவு செய்திருக்கிறார்கள்: 14ம் 15ம் இரண்டு பக்கமும் ஒட்டி, 44 குரோமோசோமோடு நலமாக இருந்த இளைஞர். பெற்றோர் உறவுக்குள் கல்யாணம் செய்தவர்கள். கப்பலேறிப் போய், சின்னக் கூட்டமாக, அத்தை மகள் மாமன் மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்ட கூட்டத்தில் பிறந்தவன் நான். மடெய்ரா எலியைப் படித்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

மனித இனத்துக்கே இப்படி ஒரு தழும்பு இருக்கிறது. சிம்பன்சிக்கு 48, நமக்கு 46. நம்முடைய 2ஆம் எண் குரோமோசோம், முன்னோரிடம் தனித்தனியாக இருந்த இரண்டு ஒட்டியது. 1991இல் ஒட்டிய இடத்தையே படித்துக் காட்டினார்கள். வழக்கமாகக் குரோமோசோமின் நுனியில் மட்டும் இருக்கும் எழுத்துக்கள், அங்கே நடுவில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த ஒட்டலும் முதலில் யாரோ ஒருவரிடம், ஜோடியில்லாமல், தனியாகத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். அந்த ஆளுக்கும் சில கருக்கள் நின்றிருக்காது. இன்று அது இல்லாதவர் யாரும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், நமக்கு 46 என்பதே 1956 வரை யாருக்கும் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் பாடப்புத்தகங்களில் 48 என்றுதான் இருந்தது. சரியாக எண்ணியவர் ஜோ ஹின் ஜியோ, ஜாவாவில் பிறந்தவர், போரின்போது ஜப்பானியர் முகாமில் சிறையிருந்தவர். பிறகு ஸ்வீடனில் லுண்ட் நகர ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் லெவானோடு வேலை பார்த்தபோது எண்ணினார். நம் பக்கத்து ஆள் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

டலாவிலிருந்து திரும்பும் ஃபெரியில் மகள் தூங்கிவிட்டாள். மனைவியிடம் போனைக் கொடுத்தேன். அவள் இரண்டு தடவை படித்தாள். முதல் கேள்வி, "இது எப்போ வந்துச்சு?"

தேதி மேலேயே இருந்தது. பொய் சொல்ல வழியில்லை.

அவள் அழவில்லை, கத்தவில்லை. "அன்னைக்கு என்னைக் கோயில்ல இறக்கிவிட்டீங்களே, அப்போ தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். கரை வரும்வரை பேசவில்லை. அதற்குப் பிறகு நாலு நாள் வீட்டில் தேவையானதை மட்டும் பேசினாள். ஐந்தாவது நாள், "45ன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டாள். அப்போதுதான் மானைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "மான் கதையெல்லாம் சரி, அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

சொன்னேன். அத்தைக்கு முதலில் புரியவில்லை, பிறகு நம்பவில்லை. "ஆம்பளைக்கு என்னடா கொறை?" என்றார். கடைசியில் அப்பாதான் குறுக்கே வந்தார். தாளில் மூன்று கோடு போட்டு நான் விளக்கியதை உற்றுப் பார்த்துவிட்டு, "அந்தக் கலப்புக் கிடாரி மாதிரியா?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். "அப்படிச் சொல்லு" என்று அத்தை பக்கம் திரும்பி, எருமைக் கதையை முழுக்க மறுபடி சொன்னார். விஞ்ஞானம் அரைமணி நேரமாகச் செய்யாததை எருமை ஐந்து நிமிஷத்தில் செய்தது. அத்தை மறுநாள் ஒரு பாத்திரத்தில் மீன்குழம்பு கொண்டுவந்து மனைவி கையில் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை, மீன்குழம்புதான்.

இனி என்ன என்பதற்கு டாக்டர் இரண்டு வழி சொல்லியிருக்கிறார். இயல்பாகவே முயற்சி செய்து, கரு தங்கினால் குரோமோசோமைப் பரிசோதித்துக்கொள்ளலாம். அல்லது ஐவிஎஃப் செய்து, கருவைப் பரிசோதித்தே வைக்கலாம். இரண்டாவதுக்கு ஆகும் பணத்தைக் கேட்டுவிட்டு முதலாவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். வேண்டாம், ஒன்று போதும் என்றும் சில நாள் பேசுகிறோம்.

மகளிடமும் இந்த ஒட்டல் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இப்போதே பார்த்துவிடலாமா என்று கேட்டேன். "அவளுக்கு இதனால ஒரு நோயும் வரப்போறதில்லை. வளர்ந்து, தெரிஞ்சுக்கணும்னு அவளே சொல்லட்டும்" என்றார் டாக்டர். சரிதான். ஆனால் சொல்லாமல் மறந்துவிடக்கூடாது. இந்த ரிப்போர்ட்டின் பிரதியை அவளுடைய பிறப்புச் சான்றிதழோடு ஒரே கவரில் வைத்திருக்கிறேன். கவரின் மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் அவள் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன்.

தங்கை டொராண்டோவில் இருக்கிறாள், இரண்டு பையன்கள். அவளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், பதினோரு நிமிஷம், மான் உட்பட. இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் வந்தது: "அண்ணா, எனக்கும் முதல்ல ஒண்ணு போச்சு. உங்க யார்கிட்டயும் சொல்லலை." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "இது அப்பாகிட்டேர்ந்தா, அம்மாகிட்டேர்ந்தா?"

அம்மாவைக் கேட்க முடியாது. அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ரத்தம்தானே, எடுத்துக்கச் சொல்லு" என்றார். போன மாதம் நாங்கள் மறுபடி சென்னை போனபோது அவரும் வந்தார். எழுபத்திரண்டு வயதில் முதல் தடவையாகத் தமிழ்நாடு. ஊசி குத்தும்போது அந்த நர்ஸிடம், "நான் ரங்கூன்காரன்மா, நல்லா எண்ணிப் பாத்துச் சொல்லு" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வெளியே வந்ததும், இங்கே எருமைச் சந்தை எங்கே நடக்கும் என்று ஆட்டோக்காரரிடம் விசாரித்தார்.

மனைவி தினமும் காலையில் கேட்கிறாள். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே வரவில்லை.